பீலித் தண்ணீரும் என் வயிற்றெரிச்சலும்

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். முப்பத்தோரு வருடம் மலைநாட்டு ஆஸ்பத்திரிகளில் இயன்மருத்துவராக வேலை பார்த்தவள் நான். எலும்பு முறிந்தவர்களை, பக்கவாதம் வந்தவர்களை நடக்க வைத்த கதைகள் நிறைய இருக்கின்றன. அவற்றை மற்றவர்கள் சொல்வார்கள். நான் பொறாமைப்பட்ட கதையைச் சொல்கிறேன். அதை யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள், உங்களுக்கும் அது வரத்தான் போகிறது.

அட்டன் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நான் பொறுப்பாக இருந்த கடைசி வருடங்களில் நடந்தது இது. யோகநாதன் என்றொரு நோயாளி. வயது முப்பத்தெட்டு. திம்புள்ளப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. கொழுந்தைக் காயவைக்கும் டிரையர் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிற வேலை. அந்த இடத்தின் வெக்கையை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். மெஷினுக்கு முன்னால் ஒரு மணித்தியாலம் நின்றால் அவருக்குக் கால் துவண்டுவிடும். வெளியே வந்து பனிக்காற்றில் உட்கார்ந்தால் சரியாகிவிடும். குடித்துவிட்டு வேலைக்கு வருகிறார் என்று இரண்டு முறை அவரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்த மனிதர் குடிப்பதே இல்லை.

கண்டியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் என்றார்கள். மூளையிலும் முள்ளந்தண்டிலும் நரம்புகளைச் சுற்றியிருக்கிற உறை அங்கங்கே அழிந்துபோகிற நோய். நம் பக்கத்தில் அபூர்வம். என் சேவைக்காலத்தில் நான் பார்த்த இரண்டாவது ஆள் அவர். முதலாவது ஆளைப் பார்த்த காலத்தில், இந்த நோய்க்காரர்களைக் களைப்படைய விடாதே, படுக்க வை என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். பிறகு அது மாறி, உடற்பயிற்சிதான் மருந்து என்றானது. நானும் மாறினேன். யோகநாதனை வாரம் இரண்டு முறை வரச்சொல்லி ஒரு வருடம் விடாமல் பயிற்சி கொடுத்தேன். சுவரைப் பிடித்து நடந்தவர் பிடிக்காமல் நடந்தார். ஒரு பெருநாளுக்கு அவரும் மனைவி புஷ்பமும் எனக்குக் கொழுக்கட்டை அவித்துக் கொண்டுவந்தார்கள். அவர் என் நோயாளி. அந்த 'என்' என்ற சொல்லைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் புதிய இயன்மருத்துவராக ஒரு பிள்ளை எங்கள் யூனிட்டுக்கு வந்தாள். இன்றைக்கும் சேவையில் இருக்கிறாள், உங்களில் சிலர் அவளுக்குக் கீழே வேலை செய்யக்கூடும், அதனால் பெயர் சொல்லவில்லை. கொட்டகலையைச் சேர்ந்தவள், இருபத்தாறு வயது. அதுவரை யோகநாதன் என்னை வெறுமனே 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவார். அவள் வந்த இரண்டாவது வாரத்தில் நான் 'பெரிய மிஸ்' ஆனேன், அவள் 'சின்ன மிஸ்'. மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கு அது குத்தியது. அவள் திரைக்கு அந்தப் பக்கம் ஒரு நோயாளியைச் சிரிக்க வைத்தால், இந்தப் பக்கம் நான் செய்கிற வேலையை நிறுத்திவிட்டு அந்தச் சிரிப்பைக் கேட்பேன்.

ஒரு நாள் நான் லீவு. அவள் யோகநாதனைப் பார்த்திருக்கிறாள். அடுத்த நாள் என்னிடம் வந்து, மிஸ், இவருக்குப் பயிற்சி கொடுக்கும்போது உடம்புச் சூடு ஏறுகிறது, அதனால்தான் பத்து நிமிஷத்துக்கு மேல் தாங்கவில்லை என்று நினைக்கிறேன் என்றாள். உறை போன நரம்பில் கொஞ்சம் சூடு ஏறினாலும் செய்தி ஓடாது, தணிந்தால் மறுபடி ஓடும், படித்திருக்கிறேன் என்றாள். பயிற்சிக்கு முன்னால் அவரைக் குளிர வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டாள்.

நான் சிரித்தேன். வெளியே மூடுபனி. நாங்கள் எல்லாரும் ஸ்வெட்டர் போட்டிருக்கிறோம். குளிரில் நரம்பு இறுகும் என்பது என் எண்ணம். நோயாளிகளுக்காக ஜன்னல்களைச் சாத்தி ஹீட்டர் போட்டு வைப்பதும், முதலில் சுடு ஒத்தடம் கொடுப்பதும் என் வழக்கம். இந்த ஊரில் யாருக்கம்மா வெக்கை வரப்போகிறது என்று கேட்டேன்.

"வெளியில இருந்து வர்றதில்ல மிஸ். தசை வேலை செஞ்சா உள்ளுக்குள்ளயே சூடு வருதே" என்றாள். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. "அவரு சம்சாரம்தான் எனக்குச் சொன்னாங்க. சுடுதண்ணியில குளிச்சா காலு விழுந்துருதாம். பீலியில குளிச்சிட்டு வந்தா நல்லா நடக்குறாராம்."

பீலி என்றால் தோட்டத்தில் மலையூற்றுத் தண்ணீர் விழுகிற குழாய். பனி போலக் குளிரும். அந்த வசனம் எனக்குப் புதியதில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் புஷ்பம் அதே வார்த்தைகளை என்னிடம்தான் சொன்னாள். பச்சைத் தண்ணீரில் குளித்தால் வாதம் பிடிக்கும், சுடுதண்ணீரில் குளிக்கச் சொல்லு என்று அனுப்பிவைத்தேன். எட்டு மாதம் என் காதில் கிடந்த வார்த்தையை அவள் ஒரே நாளில் கேட்டுப் புரிந்துகொண்டாள். எனக்கு எரிந்தது அதனால்தான். அவள் கெட்டிக்காரி என்பதைத் தாங்கியிருப்பேன். அந்தக் கெட்டிக்காரத்தனம் முதலில் என் வாசலுக்கு வந்து திரும்பிப் போனது என்பதைத் தாங்க முடியவில்லை.

சரி, நீயே செய்து பார் என்றேன். தோற்பாள் என்று நம்பித்தான் சொன்னேன். அவள் ஜன்னலைத் திறந்தாள். நனைத்த துவாயைக் கழுத்தில் போட்டு, குளிர்ந்த தண்ணீர் குடிக்க வைத்து, நடுவில் நடுவில் நிறுத்தி ஆறவிட்டுப் பயிற்சி கொடுத்தாள். எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதினாள். மூன்று மாதத்தில் பத்து நிமிஷம் இருபத்தைந்து நிமிஷமானது. நான் என்ன செய்தேன் தெரியுமா? மாடி வார்ட்டில் நெஞ்சுச் சளியைத் தட்டி எடுக்க வேண்டிய நோயாளிகளை எல்லாம் அவள் பெயரில் போட்டேன். யோகநாதன் வருகிற நேரத்தில் அவள் மாடியில் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். ஒரு நாள் அவர் அவளிடம் பயிற்சி செய்தபோது தடுமாறினார் என்று கேள்விப்பட்டு, அன்றைக்கு முழுக்க எனக்கு மனசு லேசாக இருந்தது. இதையும் மறைக்காமல் சொல்லிவைக்கிறேன்.

அந்த மாசியில் தோட்டத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. யோகநாதன் இனி வேலைக்குத் தகுதியானவரா இல்லையா என்று கேட்டு. தகுதியில்லை என்றால் தொழிற்சாலையிலிருந்து நின்றுவிட வேண்டியதுதான். கண்டியிலிருந்து மாதம் ஒரு முறை வருகிற நரம்பியல் நிபுணர் அவரை நடக்க வைத்துப் பார்த்து முடிவு எழுதுவார் என்று ஏற்பாடு. காலையில் முதல் ஆளாக வைத்துவிடலாம் மிஸ், வெயிலுக்கு முன்னால், என்று அந்தப் பிள்ளை சொன்னாள். நான் பதினொன்றரைக்குப் போட்டேன். அவளை வார்ட்டுக்கு அனுப்பினேன். ஈரத்துவாய் விளையாட்டு இல்லாமலே என் நோயாளி நடப்பார் என்று நிபுணருக்குக் காட்ட வேண்டும் எனக்கு. ஜன்னலைச் சாத்தி, கால் இளகட்டும் என்று இருபது நிமிஷம் சைக்கிள் மிதிக்க வைத்து, பிறகு வெயில் அடிக்கிற நடைபாதையில் அவரை நடக்க விட்டேன்.

மூன்றாவது சுற்றில் வலது கால் இழுத்தது. "மிஸ், வலது கண்ணு மங்குது" என்றார். நான் பிடிக்கப் போவதற்குள் முழங்கால் மடிந்து உட்கார்ந்துவிட்டார். புஷ்பம் ஓடிவந்து அவர் தலையைத் தாங்கிக்கொண்டாள்.

நிபுணர் பார்த்துவிட்டு, நோய் மறுபடி தாக்கியிருக்கிறது, வார்ட்டில் சேர்த்து ஸ்டீரொய்ட் ஏற்றுவோம், வேலைக் கடிதத்துக்குத் தகுதியில்லை என்று எழுதிவிடலாம் என்றார். அவர் சொன்னது தவறாக இருக்கலாம் என்று அந்த இடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். சைக்கிளைப் பற்றியும் சாத்திய ஜன்னலைப் பற்றியும் நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அந்தப் பிள்ளை சொன்னது சரி என்றாகும். வாயைத் திறக்காமல் நின்றேன்.

யாரோ சொல்லி அவள் மாடியிலிருந்து இறங்கிவந்தாள். கையில் தண்ணீர்ப் பேசின். நிபுணரிடம் சிங்களத்தில், அரை மணித்தியாலம் மட்டும் தாருங்கள் சேர் என்று கேட்டாள். காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. ஸ்வெட்டரைக் கழற்றி, கழுத்திலும் கக்கத்திலும் ஈரத்துணி வைத்தாள். அவர் பாதத்துக்கு உணர்ச்சி குறைவு என்பதால், தன் முழங்கையைத் தண்ணீரில் விட்டுக் குளிரை அளந்த பிறகுதான் அவர் காலை உள்ளே வைத்தாள். இருபது நிமிஷத்தில் கண் தெளிந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் எழுந்து, அதே நடைபாதையில் மெதுவாக நாலு சுற்று நடந்தார். நோய் புதிதாகத் தாக்கியிருந்தால் இப்படி அரை மணித்தியாலத்தில் தெளியாது. நிபுணர் அதற்குள் எழுதி வைத்திருந்த கடிதத்தைக் கிழித்தார். வெக்கை இல்லாத வேலை கொடுத்தால் செய்வார் என்று வேறு கடிதம் எழுதினார்.

எழுதிவிட்டு என்னைப் பார்த்தார். நான்தானே பொறுப்பு. "நல்ல வேலை. இது உங்க யோசனையா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஆமா சேர்" என்றேன்.

அந்தப் பிள்ளை ஆறடி தள்ளி நின்று துவாயைப் பிழிந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு வாரத்தில் நிபுணரிடமிருந்து கடிதம் வந்தது. கண்டியில் டொக்டர்களும் இயன்மருத்துவர்களும் கூடுகிறார்கள், நோயாளியையும் கூட்டிக்கொண்டு வந்து இதைப் பற்றிப் பேசுங்கள் என்று. நான் அவளிடம் போய்க் கொப்பியைக் கேட்டேன். கொடுத்தாள். அட்டையில் அவள் பெயர் இருந்தது. அதற்குமேல் நான் தாள் ஒட்டி உறை போட்டேன். நிரந்தரமாக மறைக்கவில்லை, அழுக்காகாமல் இருக்கத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆறு மணி பஸ்ஸில் போய்விடுங்கள் மிஸ் என்று மட்டும் சொன்னாள். கூட்டம் இரண்டு மணிக்குத்தானே என்று நான் ஒன்பதரை பஸ்ஸில் ஏறினேன். சபைக்குப் போகிறோம், கௌரவமாக இருக்கட்டும் என்று யோகநாதனைக் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு வரச்சொல்லியிருந்தேன். புஷ்பமும் கூட வந்தாள்.

கினிகத்தேனை தாண்டி இறங்க இறங்க நம் குளிர் பின்னால் போய்விடும், உங்களுக்குத் தெரியும். ஒரு வளைவில் லொறி பழுதாகிக் குறுக்கே நின்றது. பஸ் வெயிலில் நின்றுவிட்டது. ஜன்னலோரம் உட்காரக்கூட முடியாத கூட்டம். இருபது நிமிஷத்தில் யோகநாதன் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தல் நழுவி விழுந்தது. ஏதோ சொன்னார், நாக்கு குழறியது. முன் சீட்டில் இருந்த ஒருவர் திரும்பிப் பார்த்து, காலையிலேயே போட்டுவிட்டு வந்திருக்கிறான் என்றார்.

புஷ்பம் என்னைப் பார்த்தாள். "சின்ன மிஸ்ஸுக்குப் போன்ல ஒரு கோல் எடுங்க மிஸ்."

தேவையில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கொப்பியைத் திறந்தேன். ஆஸ்பத்திரியில் பேசினும் துவாயும் வைத்துக்கொண்டு செய்தது அத்தனையும் அதில் இருந்தது. நிறைந்த பஸ்ஸில் என்ன செய்வது என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. அதை அவள் தலையில் வைத்திருந்தாள். நான் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தேன். அவர் தலை புஷ்பத்தின் தோளிலிருந்து சரிந்தது. நிமிர்த்த அவரால் முடியவில்லை.

அப்போதுதான் போனை எடுத்தேன்.

அவள் என்னிடம் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. என்ன உடுத்தியிருக்கிறார் என்று கேட்டாள். கோட்டு என்றேன். "முதல்ல அதக் கழட்டுங்க மிஸ். பஸ்ஸ விட்டு இறக்கி நிழலுக்குக் கொண்டுபோங்க. நாக்கு குழறுதுன்னா தண்ணிய அப்பிடியே ஊத்தாதீங்க, ஒரு கரண்டி குடுத்துப் பாருங்க, இருமினா வேணாம். ஐஸ் கெடைச்சா துணியில சுத்தி வைங்க, வெறுந்தோலுல வேணாம், அவருக்குத் தெரியாது. அரை மணித்தியாலத்துல தெளியலைன்னா கூட்டத்த மறந்துட்டு பக்கத்துல இருக்குற ஆஸ்பத்திரிக்குப் போங்க." கொஞ்சம் நிறுத்தி, "போன வைக்காதீங்க, நான் இருக்கேன்" என்றாள்.

வளைவுக்குக் கீழே ஒரு முஸ்லிம் பெரியவரின் கடை இருந்தது. கண்டக்டரும் இரண்டு பேரும் தூக்கி வந்தார்கள். கடைக்காரர் கேள்வி கேட்காமல் உட்காருகிற வாங்கிலிருந்த சாமான்களை ஒதுக்கி அவரைப் படுக்க வைத்து, ஐஸ் பெட்டியில் இருந்ததை எல்லாம் எடுத்துத் தந்தார். நான் ஒன்றொன்றாகச் செய்து போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். இருபத்தைந்து நிமிஷம். முதலில் கண் என்னைத் தேடிப் பிடித்தது. பிறகு விரல் மடங்கியது. பிறகு தெளிவாக, "கோட்டு நனைஞ்சிருச்சா?" என்று கேட்டார்.

அவர் ஆறி உட்கார்ந்த பிறகு புஷ்பம் என் பக்கத்தில் வந்து நின்று தாழ்ந்த குரலில் பேசினாள்.

"அன்னைக்குப் பெரிய டொக்டர்கிட்ட நீங்க ஆமான்னு சொன்னத நானும் கேட்டேன் மிஸ். எனக்குச் சிங்களம் வெளங்கும். இவருகிட்ட நான் சொல்லல. இவரு உங்க மேல ரொம்ப மரியாதை வச்சிருக்காரு."

அவள் குரலில் கோபம் இல்லை. புருஷனுக்கு மருந்துச் சீட்டைப் பத்திரப்படுத்துகிற மாதிரி, அவர் என்மேல் வைத்திருந்த மரியாதையையும் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறாள். கடை வாசலில் நின்றே கொப்பியின் உறையைக் கிழித்தேன். ஒட்டியிருந்த தாளோடு அட்டையும் பாதி கிழிந்து வந்தது.

கண்டிக்குப் பின்னேரம் மூன்று மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். யோகநாதனை மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்துவிட்டு, நான் மேடையேறி, கிழிந்த கொப்பியைத் தூக்கிக் காட்டி, இது என் யோசனை இல்லை என்றேன். அவள் பெயரைச் சொன்னேன். புஷ்பத்தின் பெயரைச் சொன்னேன். பீலி விஷயம் முதலில் என்னிடம் வந்ததையும் நான் திருப்பி அனுப்பியதையும், பரிசோதனையன்று ஜன்னலைச் சாத்தியதையும், அன்று காலை பஸ்ஸில் நடந்ததையும் சொன்னேன். கூட்டம் ஆங்கிலத்தில் நடந்தது. நிபுணர் எழுந்து, அப்படியென்றால் நான் கேட்டபோது ஏன் ஆம் என்று சொன்னீர்கள் என்று கேட்டார். அதற்கு ஆங்கிலத்தில் மழுப்பலாகச் சொல்ல நிறைய வார்த்தைகள் இருந்தன. "இரிசியாவ, சேர்" என்றேன். சிங்களத்தில் பொறாமைக்கு அதுதான் சொல். அந்த மண்டபத்தில் எல்லாருக்கும் அது விளங்கியது. யாரும் சிரிக்கவில்லை. அவர் உட்கார்ந்துகொண்டு, அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பிள்ளையை அனுப்புங்கள் என்றார். அதற்குப் பிறகு அவர் எங்கள் கிளினிக்குக்கு வந்தபோதெல்லாம் என்னிடம் அளவாகத்தான் பேசினார். அது நியாயம்.

மறுநாள் காலையில் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் பெருந்தன்மையாகச் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"எனக்குக் கோவம் இருந்துச்சு மிஸ். இப்பவும் இருக்கு" என்றாள். "மூணு கெழமையா உங்க மொகத்தப் பாக்காமத்தான் வேலை செஞ்சேன். நீங்க கவனிக்கவே இல்ல."

கவனிக்கவில்லைதான். அவளுடைய அமைதியைப் பார்த்து, இவளுக்கு இவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்தது என்று அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் இருவருக்கும் நடுவில் அது சரியாவதற்கு ஒரு வருடம் போனது. விழுந்து விழுந்து பேசிக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு நோயாளியைப் பற்றி அவள் ஏதாவது சொன்னால் நான் சிரிப்பதை நிறுத்தினேன்.

யோகநாதனுக்குக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் வேலை கொடுத்தார்கள். நாலு பக்கமும் திறந்த கொட்டகை, மலைக்காற்று. விடியக்காலையில் பீலியில் குளித்துவிட்டுப் பயிற்சி செய்வார், பிறகு வேலைக்குப் போவார். நோய் போகவில்லை. இப்போது ஒரு ஊன்றுகோல் வைத்திருக்கிறார். ஆனால் நடந்துதான் போகிறார்.

நீங்கள் படித்துக்கொண்டு வந்திருப்பீர்கள், இந்த நோய்க்காரர்களைக் குளிர வைத்துப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று. அதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்களுக்குப் பின்னால் வருகிற ஒருத்தர், நீங்கள் கேட்டும் கேட்காமல் விட்ட ஒன்றைக் கேட்டுவிடுவார். அன்றைக்கு உங்களுக்குள் ஒரு எரிச்சல் வரும். அது வருவதைத் தடுக்க எனக்கு வழி தெரியாது. அந்த நேரத்தில் கட்டிலில் ஒரு ஆள் கிடக்கிறார் என்பதை மட்டும் பாருங்கள். வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் திறந்துவிடுங்கள். போனை எடுக்க வேண்டிய நேரத்தில் எடுத்துவிடுங்கள். மனசு சுத்தமான பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் நோயாளி தாங்க மாட்டார்.

நான் ஓய்வுபெறுவதற்கு ஆறு மாதம் இருக்கும்போது அந்தப் பிள்ளை மேல்படிப்புக்கு விண்ணப்பித்தாள். வெளிநாட்டில் இரண்டு வருடம். என் காலத்தில் நான் ஆசைப்பட்டு, கேட்கக்கூடப் பயந்து விட்ட படிப்பு. பரிந்துரைக் கடிதம் பொறுப்பாளர்தான் எழுத வேண்டும். அவள் படிவத்தை என் மேசையில் வைத்துவிட்டு வார்ட்டுக்குப் போனாள். நான் இரண்டு பக்கம் எழுதினேன். எழுதி முடிக்கும்வரை நெஞ்சுக்குள் எரிந்துகொண்டேதான் இருந்தது. ஒரு வார்த்தையையும் குறைக்காமல் கையெழுத்துப் போட்டேன்.